நட்சத்திரம் போட்ட எட்டு வரிகளும் போடாத ஒரு வரியும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியை வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பவர்கள் பலர்; அவர்களுக்கும் இது உதவட்டும்.

உங்களுக்கு 44 வயது. சிங்கப்பூரில் யீஷூனில் வீடு, துவாஸில் வேலை. கம்பெனியில் வருஷா வருஷம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்திருக்கிறது. சுமார் 40 வரிகளில் எட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி: ஹீமோகுளோபின் 13.2, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 71, அதோடு ஒட்டிய எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 22, ஈசினோஃபில் (வெள்ளையணுவில் ஒரு வகை) 0.8, ஏஎல்டி (கல்லீரல் நொதி) 58, பிலிருபின் (பழைய சிவப்பணு சிதையும்போது வரும் மஞ்சள் பொருள்) 27, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு) 112, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 2.3. கடைசிப் பக்கத்தில் 'லேசான மாற்றங்கள், டாக்டரைப் பார்க்கவும்' என்று ஒரே வரி. இரவு ஒரு மணி வரை கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தேடியதில் ரத்தப் புற்றுநோய், கல்லீரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் கண்ணில் பட்டிருக்கின்றன. "அக்கா, இதில் எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. சிங்கப்பூரில் 26 வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன வியாதி என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த நட்சத்திரம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஆரோக்கியமாக இருப்பவர்கள் நூற்றுக்கணக்கானோரின் ரத்தத்தைப் பரிசோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் எண்களை 'இயல்பான அளவு' என்று வைத்துக்கொள்கிறார்கள். மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதம் வெளியே நிற்கும். வெளியே நிற்பவர்களும் ஆரோக்கியமானவர்கள்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், அவர் முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும் குறைந்தது ஒரு நட்சத்திரமாவது விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. கொலஸ்ட்ரால், சர்க்கரை போன்ற சிலவற்றின் எல்லை மட்டும் வேறு விதம். அங்கே எல்லைக்கோட்டை வரைவது பின்னால் வரக்கூடிய ஆபத்தின் கணக்கு. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, ரத்தம் கொடுத்த நாள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது என்று பட்டது. சனிக்கிழமை நண்பர் வீட்டுக் கல்யாணம், இரண்டு பீர். ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் புட்சால் (சிறு மைதானக் கால்பந்து). ஏழு மணிக்கு மட்டன் பிரியாணி. பிறகு 'வெறும் வயிறு' என்பதால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திங்கள் காலை வரிசை நீண்டு, பத்தரை மணிக்குத்தான் ஊசி. ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள்.

தம்பி, வெறும் வயிறு என்றால் சாப்பாடு, பால், காப்பி, தே எதுவும் வேண்டாம் என்றுதான் பொருள். பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். நம் ஆட்கள் விரதம் மாதிரி நினைத்து எச்சில்கூட விழுங்காமல் வருவார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்து வாங்கியவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உடம்பில் நீர் குறைந்தால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். உடம்பை வருத்தி விளையாடினாலும் ஏறும். இறைச்சிச் சாப்பாடு சில மணி நேரத்துக்கு ஏற்றும். ஆனால் பதினைந்து மணி நேரத்தில் அது பெரும்பாலும் இறங்கியிருக்கும் என்பதால் பிரியாணியின் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன்.

உங்கள் கிரியேட்டினின் 112, அதிலிருந்து கணக்கிட்ட சிறுநீரக வடிகட்டும் திறன் 70. ரிப்போர்ட்டில் அந்த 70ஐப் பார்த்து 'முப்பது சதவீதம் போய்விட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் படிக்கக் கூடாது. 60க்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதமோ ரத்தமோ இல்லாமல், சிறுநீரகத்தில் வேறு பழுதும் இல்லாமல் இருந்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வதே இல்லை. அந்தப் பெயர் வைக்கவும் மாற்றம் மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு திங்கட்கிழமை காலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நன்றாகத் தண்ணீர் குடித்து, ஒரு வாரம் விளையாட்டை நிறுத்தி, திரும்ப எடுங்கள். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முட்டி வலிக்கென்று அடிக்கடி வலி மாத்திரை போடுவதாக இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கிரியேட்டினினை விட அந்த மாத்திரை எனக்குக் கவலை.

பிலிருபின் 27. கண் மஞ்சள் இல்லை, சிறுநீர் தேநீர் நிறத்தில் இல்லை, மற்றக் கல்லீரல் எண்களில் ஏஎல்டி மட்டும் லேசாக ஏறியிருக்கிறது. கில்பர்ட் என்று ஒரு பரம்பரை அமைப்பு உண்டு. பிலிருபினைக் கரைத்து வெளியேற்றும் நொதி பிறவியிலேயே கொஞ்சம் மந்தமாக இருக்கும். நூறு பேரில் மூன்றிலிருந்து பத்துப் பேர் வரை இப்படி இருப்பதாகச் சொல்வார்கள். பட்டினி கிடந்தால், காய்ச்சல் வந்தால், கடுமையாக உழைத்தால் எண் ஏறும், சாப்பிட்டால் இறங்கும். நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். பதினைந்து மணி நேரப் பட்டினியும் புட்சாலும் சேர்ந்தால் கில்பர்ட்காரருக்கு 27 வருவது ஆச்சரியமே இல்லை. உறுதி செய்ய பிலிருபினை நேரடி, மறைமுகம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறைமுகப் பகுதி மட்டும் கூடி, ரத்த அணு சிதைவுக்கான அடையாளமும் இல்லை என்றால் அதோடு கதை முடிந்தது. அது தெரிந்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கம்பெனிப் பரிசோதனையிலும் இதே பயத்தை மறுபடி படுவீர்கள்.

ஈசினோஃபில் 0.8. எல்லை பெரும்பாலும் 0.5. சிங்கப்பூரில் இதற்கு முதல் காரணம் ஒவ்வாமை. தூசுப் பூச்சிக்கு மூக்கு ஒழுகுவது, தோல் அரிப்பு, ஆஸ்துமா. காலையில் அடுக்குத் தும்மல் வரும் என்று நீங்களே சொன்னீர்கள். ஆனால் ஜூன் மாதம் ஊருக்குப் போய் வயலில் வெறுங்காலோடு நடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறும் புழுக்கள் உண்டு. அதில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற வகை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் தங்கும். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும்போது அது உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் 'ஊருக்குப் போனேன், வெறுங்காலோடு நடந்தேன்' என்ற வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். மலப் பரிசோதனையோ அதற்குரிய ரத்தப் பரிசோதனையோ வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். இந்த அளவு ஏற்றத்தை வைத்து ரத்தப் புற்றுநோயைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி ஹீமோகுளோபின். இங்கே நிதானமாக இருங்கள், உங்கள் ரிப்போர்ட்டிலேயே அழகான பகுதி இதுதான்.

ஹீமோகுளோபின் 13.2 என்பது எல்லையை ஒட்டி நிற்கிறது. அதைப் பார்த்து யாராவது 'ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள்' என்று சொல்லியிருப்பார்கள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று உங்கள் மாமியார் ஆரம்பித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். சிவப்பணுவின் சராசரி அளவு எம்சிவி 71. இயல்பு 80க்கு மேல். அதாவது அணுக்கள் மிகச் சிறியவை. ஆனால் எண்ணிக்கை 6.0, இயல்பின் மேல் விளிம்பு. அந்த வரியில் நட்சத்திரம் இல்லாததால் நீங்கள் பார்க்கவே இல்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் உடம்பு சிறிய அணுக்களைத்தான் செய்யும், ஆனால் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். சிறிய அணுக்கள், எண்ணிக்கை மட்டும் ஏராளம் என்றால் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்) மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். லேபில் நாங்கள் எம்சிவியை அணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்போம். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம், மேலே வந்தால் இரும்புக் குறைவு பக்கம். உங்களுக்கு 71ஐ 6ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11.8. இது ஒரு கைக்கணக்குதான், தீர்ப்பு கிடையாது. ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் எண்) ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரீசிஸும் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை) பார்த்தால்தான் உறுதி.

சுமப்பவர் என்றால் நோயாளி என்று அர்த்தமில்லை. அவர் வாழ்நாள் முழுக்க நன்றாக இருப்பார். என் அம்மாவுக்கு இது இருந்தது. யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒரு கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் 'ரத்தம் குறைவு' என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், கறுத்த மலம். எண் மட்டும் நகரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் கூடத்திலேயே ஃபெரிட்டின் பார்த்தோம், இரும்புச்சத்து தேவைக்கு மேலேயே இருந்தது. அத்தனை வருஷம் வீணாகச் சாப்பிட்டிருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன்: ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரையைத் தொடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் எங்கள் வீட்டில் உண்டு. என் மாமனாருக்கு 61 வயதில் ஹீமோகுளோபின் 12.9. 'லேசான குறைவு, வயதாகிறது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முந்தைய வருஷ ரிப்போர்ட்டை நான் தேடி எடுத்துப் பார்த்தேன். 14.6. எம்சிவி 88லிருந்து 79க்கு இறங்கியிருந்தது. பிறவியில் வருவது ஒரே வருஷத்தில் இறங்காது. குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பெருங்குடலில் கட்டி இருந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் அறுவைச் சிகிச்சையோடு முடிந்தது, இன்றைக்கும் தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வருகிறார். ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் புதிதாக இரும்புச்சத்துக் குறைந்தால், எவ்வளவு 'லேசாக' இருந்தாலும், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்கள் வருஷம் ஒருமுறை மலத்தில் ரத்தம் பார்க்கும் அந்தச் சிறு பெட்டியை வாங்கி உபயோகிக்க வேண்டும் என்று இங்கே சொல்வதும் இதற்காகத்தான்.

ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடுங்கள். உங்கள் எம்சிவி ஐந்து வருஷத்துக்கு முன்னும் 71, 72 என்றே இருந்தால் நிம்மதி. ஒரு எண்ணைத் தனியாகப் பார்ப்பதைவிட அதே எண்ணின் நேற்றைய முகத்தைப் பார்ப்பது பத்து மடங்கு பயனுள்ளது. பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) அரசாங்க மருத்துவமனையிலோ எடுத்தது அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் செயலியில் இருக்கும். கம்பெனி வெளியே ஏற்பாடு செய்தது அதில் இல்லாமல் போகலாம்; அந்தத் தாள்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

பழைய தாள்களை நீங்கள் படம் எடுத்து அனுப்பியதால்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே எனக்குத் தெரிந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை. மூன்று வருஷத்துக்கு முன் 5.2. போன வருஷம் 5.5. இப்போது 5.9. எந்த வருஷமும் நட்சத்திரம் இல்லை. இங்கே 6.1லிருந்து 6.9 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 7.0லிருந்து நீரிழிவு. 5.9 கோட்டுக்குள் இருப்பதால் கணினி வாயைத் திறக்கவில்லை.

உங்கள் திருச்சி வீட்டில் சர்க்கரையை 100, 110 என்று பேசுவார்கள். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அந்தக் கணக்கு வரும். உங்கள் 5.9, ஊர்க் கணக்கில் 106. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 110 என்கிறது. ஊரில் பல லேப்கள் முதல் கணக்கை அச்சிடுகின்றன, சிங்கப்பூர் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது. இதே ரத்தத்தைத் திருச்சியில் கொடுத்திருந்தால் இந்த வரியிலும் நட்சத்திரம் விழுந்திருக்கும். கோடு எங்கே வரைவது என்பது மனிதர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. உங்கள் உடம்புக்கு அந்தக் கோடு தெரியாது. (அதே கணக்கில் கிரியேட்டினினை 88.4ஆல் வகுக்க வேண்டும், கொலஸ்ட்ராலை 38.67ஆல் பெருக்க வேண்டும். அப்பாவின் ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது குழம்பாமல் இருக்க.)

இப்போது இதோடு நட்சத்திரம் போட்ட மற்ற இரண்டு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். ஏஎல்டி 58, டிரைகிளிசரைடு 2.3. உங்கள் இடுப்பளவு 94 சென்டிமீட்டர். நம் ஆசிய ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 50 வயதில் சர்க்கரை. இவையெல்லாம் ஒரே குடும்பத்து ஆட்கள். கல்லீரலில் கொழுப்புப் படிந்து, இன்சுலின் சொல்பேச்சு எடுபடாமல் போகும்போது வரும் வரிசை இது. கல்யாண வீட்டு விருந்தும் பீரும் டிரைகிளிசரைடை ஏற்றும், புட்சால் ஏஎல்டியைக்கூட ஒரு வாரம் வரை ஏற்றி வைக்கும் என்பது உண்மைதான். திரும்ப எடுத்தால் இரண்டும் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் மூன்று வருஷமாகப் படிப்படியாக ஏறும் சர்க்கரையைப் புட்சால் விளக்காது.

2010ல் சிங்கப்பூர் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 18லிருந்து 69 வயது வரை இந்தியர்களில் 17.2 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7 சதவீதம். 2016ல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. நம் வீடுகளில் கால் விரல் எடுத்தவர், டயாலிசிஸ் போகிறவர் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. அவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு காலத்தில் 5.9 என்று ஒரு ரிப்போர்ட் வந்திருக்கும், நட்சத்திரம் இல்லை என்று மடித்து வைத்திருப்பார்கள்.

'மூன்று மாதச் சர்க்கரை 6.0 தானே, அதுவும் நார்மல்தானே' என்று கேட்பீர்கள். அந்த ஹெச்பிஏ1சி, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. தலசீமியா சுமப்பவருக்கு அணுவின் அமைப்பே வேறு. எண் உண்மையை விடக் கூடவோ குறையவோ காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவோ அதை மேலே தள்ளும். ஆகவே உங்கள் 6.0ஐ நான் முழுசாக நம்ப மாட்டேன். சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். 7.8க்குக் கீழே என்றால் நல்லது, 7.8லிருந்து 11.0 வரை முந்தைய நிலை, 11.1லிருந்து நீரிழிவு. அந்த வாசலில் நின்றாலும் திரும்ப வழி உண்டு. அமெரிக்காவில் 2002ல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் ஏழு சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்று வைத்துக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையிலேயே நடந்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. அங்கே குறைவு 28 சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவும் பெரிதாக எடை இறங்காமலே.

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். காப்பிக்கடையில் ஒரு நாளைக்கு மூன்று தே என்று எழுதியிருந்தீர்கள். கெட்டிப்பால் போட்ட தே மூன்று. அதைத் தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆக்குங்கள். இரண்டு வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும்.

ஏஎல்டிக்குத் திரும்ப வருகிறேன், ஒன்று விட்டுப்போனது. 'கல்லீரலைச் சுத்தம் செய்ய' என்று ஊரிலிருந்து வந்த சூரணம் சாப்பிடுவதாகச் சொன்னீர்கள். சீந்தில், அஸ்வகந்தா, மாத்திரை வடிவில் வரும் மஞ்சள் சாறு, கிரீன் டீ சாறு எல்லாமே சிலருக்குக் கல்லீரலைப் புண்ணாக்கியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. சமையலில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. அந்தச் சூரணத்தை இன்றோடு நிறுத்திவிட்டு, டப்பாவையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இதுவரை பார்த்ததில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

உங்கள் மனைவிக்கு தைராய்டு எண் குளறுபடியாக வந்ததைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அவர் முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அது பல இயந்திரங்களில் தைராய்டு எண்ணைப் பொய்யாகக் காட்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாளாவது நிறுத்தி, மறுபடி எடுக்கட்டும்.

புற்றுநோய் மார்க்கர்கள் சேர்ந்த பெரிய பேக்கேஜை இப்போது எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அறிகுறி இல்லாதவருக்கு அவை சரியான சல்லடை ஆகாது. புகைபிடித்தாலே சிஇஏ என்ற மார்க்கர் ஏறும், புற்றுநோய் அல்லாத கருப்பைக் கட்டி இருந்தாலே சிஏ125 என்ற மார்க்கர் ஏறும். இப்போதுள்ள எட்டோடு இன்னும் இரண்டு நட்சத்திரம் சேரும், அவ்வளவுதான்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொட்டாசியம் 6க்கு மேல் என்று வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். குழாயில் அணு உடைந்தாலும் அப்படிக் காட்டும், ஆனால் அதை உடனே திரும்ப எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஹீமோகுளோபின் 8க்குக் கீழ், பிளேட்லெட் 50க்குக் கீழ் (ஊர்க் கணக்கில் 50,000), கண் மஞ்சளோடு ஏறிய பிலிருபின், தாகமும் எடை இறக்கமும் சேர்ந்து சர்க்கரை 11க்கு மேல், இவையெல்லாம் அடுத்த வாரத்துக்குக்கூட ஒத்திப்போடக் கூடாதவை. காய்ச்சலோடு பிளேட்லெட் இறங்கினால் இந்த ஊரில் முதலில் டெங்கியைத்தான் நினைக்க வேண்டும். உங்கள் தாளில் இவற்றில் எதுவும் இல்லை.

ஆகவே அவசரமில்லாமல், ஆனால் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். நீங்கள் நிரந்தரவாசி, 40 தாண்டியவர். அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ளலாம். ஒவ்வொரு வருஷமும் ஒரே டாக்டர் உங்கள் எண்களைப் பார்ப்பது பெரிய லாபம். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், சூரண டப்பா, வலி மாத்திரையின் பெயர், ஊர்ப் பயணத் தேதி, அப்பாவின் சர்க்கரைக் கதை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். சர்க்கரைக் கரைசல் பரிசோதனையை முதலில் கேளுங்கள். கல்லீரல், சிறுநீரக எண்களை எப்போது மறுபடி எடுப்பது என்று டாக்டர் சொல்வார். அந்தத் தடவை ஒரு வாரம் புட்சால் வேண்டாம், மூன்று நாள் பீர் வேண்டாம், முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் சாப்பிட்டு, காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, முடிந்தால் அதே லேபில் எடுங்கள். லேப் மாறினால் இயந்திரம் மாறும், எல்லைக்கோடும் கொஞ்சம் மாறும்.

இதில் ஒன்றை மட்டும் நாளைக்கென்று வைக்காதீர்கள். திருச்சியில் இருக்கும் உங்கள் தங்கைக்கு இப்போது மூன்றாவது மாதம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இருப்பது தலசீமியா சுமப்பு என்றால் அது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கும் இருந்தால் பிள்ளைக்குக் கடுமையான வகை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அதைக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தெரிந்துகொள்வதுதான் நல்லது. உங்கள் எலக்ட்ரோஃபோரீசிஸ் முடிவு வரும்வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பப் பரிசோதனையில் எடுத்த ரத்த ரிப்போர்ட் கையில் இருக்கும். இன்றிரவே போன் செய்து எம்சிவி, எம்சிஎச் இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள். எம்சிவி 80க்குக் கீழேயோ எம்சிஎச் 27க்குக் கீழேயோ இருந்தால், அவளும் மாப்பிள்ளையும் இந்த வாரமே தலசீமியா சுமப்பைத் தேடும் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை செய்துகொள்ளட்டும். அந்த எண்ணை எனக்கும் அனுப்புங்கள்.